சூலிகள் எழுந்து போகும் இடம்

வில்லுப்பாட்டில் காப்பு முடிந்து கதைக்குள் இறங்கிவிட்டால் சுயம்புக்கனிக்கு வாயைப் பற்றிக் கவலை கிடையாது. அது தன்பாட்டுக்குப் போகும். வீசுகோல் இரண்டும் வில்லின் நாணில் விழுந்து எழும், மணிகள் குலுங்கும், அவள் ஓர் அடியை விட்டால் எதிரே உட்கார்ந்திருக்கும் அண்ணன் பெண்டாட்டி ராசபுஷ்பம் மைனி அதைப் பிடித்து முடித்துக்கொடுப்பாள், பக்கத்தில் சுயம்புக்கனியின் புருஷன் தளவாய் குடத்தின் வாயை மட்டையால் அறைந்துகொண்டிருப்பார். இத்தனைக்கும் நடுவில் மனசு எங்கே வேண்டுமானாலும் போய்விட்டு வரலாம். பணகுடிப் பக்கம் ஒரு கோயில் கொடையில், கைலாயத்து வாசலில் நின்று சிவனைக் கூப்பிட்டு அழுகிற கட்டத்தில், வீட்டில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்தது நினைவு வந்தது. பால் பொங்கி வழிவதையும், பூனை வருவதையும், மூடி எந்த அலமாரியில் இருக்கிறது என்பதையும் யோசித்துக்கொண்டே பாடினாள். ஒரு சொல் பிசகவில்லை. கேட்ட பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். ஆனால் இன்றைக்கு மனசை அப்படி விடக் கூடாது என்று விமானத்திலேயே தனக்குச் சொல்லிவைத்திருந்தாள். இது கோயில் முற்றம் அல்ல. மெல்பர்னில் ஆற்றங்கரைப் பூங்கா ஒன்றில், பல நாட்டுக்காரர்களும் கூடும் திருவிழாவுக்குப் போட்ட மேடை. வெயில் சுள்ளென்று அடிக்கிறது, காற்று குளிர்கிறது, உடம்பின் எந்தப் பக்கத்தை எதற்குக் கொடுப்பதென்று தெரியவில்லை. புல்வெளியில் சனங்கள் விரிப்பைப் போட்டுச் சாய்ந்தும் படுத்தும் தின்றுகொண்டும் இருந்தார்கள். கதையைப் படுத்துக்கொண்டு கேட்கிறவர்கள் அவளுக்குப் புதிதல்ல, ஊரில் அது விடியப்போகிற நேரத்தில் நடக்கும். இங்கே பட்டப்பகலில் நடந்தது. மேடைக்குக் கீழே, அவள் கண்ணுக்கு நேர் எதிரே, ஒரு கடிகாரம் சிவப்பு எண்களில் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அது பூச்சியத்துக்கு வரும்போது கதை முடிந்திருக்க வேண்டும். முடியாவிட்டால் ஒலிபெருக்கியை அணைத்துவிடுவார்கள். சும்மா சொல்லவில்லை. இவர்களுக்கு முன்னால் சுரைக்குடுக்கையில் நரம்பு கட்டிய ஒரு வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு கதை சொன்ன ஆப்பிரிக்கப் பெரியவர் ஒருவர் பேசிக்கொண்டே இருந்தபோது சத்தம் பட்டென்று நின்றது. அவர் வாய் மட்டும் கொஞ்ச நேரம் அசைந்தது. பிறகு சிரித்துக்கொண்டே எழுந்து போனார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் சுயம்புக்கனி கடிகாரம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்துவைத்துக்கொண்டாள்.

இன்றைக்குச் சுருக்கிப் பாடுகிற மடைகாத்தாள் கதை ஊரில் ஒரு ராத்திரி முழுக்கப் போகும். குளத்துக்கரை ஐப்பசிக்கு ஐப்பசி உடைகிறது. மடையில் ஒரு சூலியை, வயிற்றுப்பிள்ளைக்காரியை, உயிரோடு வைத்துக் கட்டினால் கரை நிற்கும் என்று குறிகாரன் சொல்கிறான். வேலையாட்களுக்குக் கஞ்சி கொண்டு முதலில் எவள் வருகிறாளோ அவள் என்று அண்ணன் தம்பிகள் முடிவு செய்கிறார்கள். வருகிறவள் மூத்தவன் பெண்டாட்டி செண்பகக்குட்டி. வயிற்றில் ஏழு மாதம். கொழுந்தன்மாரே கல்லை அடுக்குகிறார்கள். செத்தவள் கைலாயம் போய் நியாயம் கேட்கிறாள், சிவன் வரம் கொடுக்கிறார், வயிற்றில் பிள்ளையைச் சுமக்கிறவள் எவளானாலும் அவள் வாசலில் இவள் காவல் நிற்பாள் என்று. அப்போதுதான் அவள் மடைகாத்தாள் என்கிற தெய்வம். அதுவரைக்கும் அவள் ஆற்றாமையோடு செத்துப்போன ஒரு பெண், அவ்வளவுதான். அதனால் கொலை பாடுவதற்கு முன், வில்லடித்துப் பாடுகிற புலவர் வில்லை நிறுத்தி, சூலிகளெல்லாம் எழுந்து போங்கம்மா என்று சொல்லியாக வேண்டும். பெண்கள் கூட்டத்தில் அங்கொருத்தி இங்கொருத்தியாக எழுந்து, முந்தானையைப் போர்த்திக்கொண்டு ஒலிபெருக்கி எட்டாத தூரத்துக்கு நடந்துவிடுவார்கள். கொலை முடிந்து செண்பகக்குட்டி கைலாயத்தை எட்டியதும் ஆள் போய்க் கூட்டிவரும். வரம் பாடும்போது அவர்கள்தான் முன்வரிசை. கொலை அவர்கள் காதில் விழக் கூடாது, வரம் அவர்கள் காதில் விழாமல் போகக் கூடாது. இரண்டில் எது தவறினாலும் வயிற்றுக்கு ஆகாது. இதை விழாக்காரப் பெண் நிருபாவிடம் சொன்னபோது அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, சின்ன வயதில் இங்கு வந்து வளர்ந்தவள், இவர்களை வரவழைத்தவளே அவள்தான். கர்ப்பிணிகளை எழும்பிப் போகச் சொன்னால் இங்கத்தைய சனம் பிழையாக விளங்கிக்கொள்ளும், அதை மட்டும் விடுங்கோ அக்கா, ஆருக்குத் தமிழ் விளங்கப்போகுது என்றாள். சுயம்புக்கனியும் சரி என்றுவிட்டாள். தமிழ் தெரியாத காதில் கொலை விழுந்தால் அது வெறும் சத்தம். அப்படித்தான் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மகள் சுகிர்தா நாகர்கோவிலில் மாமியார் வீட்டில் இருக்கிறாள், கடல் தாண்டி எவ்வளவோ தூரத்தில். ஏழாவது மாதம். ஏற்கெனவே இரண்டு கலைந்துபோயின. மூன்றாவதற்கு டாக்டரம்மா படுக்கையை விட்டு எழக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள்.

மைனி எடுத்துக்கொடுத்தாள், வாய் வாங்கிக்கொண்டது. கரை உடைகிற இடம் போய்க்கொண்டிருந்தது. தளவாய் குடத்தில் தண்ணீர் ஓடுகிற மாதிரி விரலை ஓட்டினார், புல்வெளியில் யாரோ கைதட்டினார்கள், அவருக்கு முகம் மலர்ந்தது. இந்த மனுஷனுக்கு எல்லாம் சந்தோஷம்தான். நேற்றுச் சாயங்காலமும் இப்படித்தான் முகத்தை வைத்துக்கொண்டு வந்து நின்றார். விழாவை அப்படியே நேரலையில் காட்டுகிறார்களாம், நிருபா இணைப்பு அனுப்பியிருக்கிறாளாம், அதைச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தட்டிவிட்டாராம். சுகிர்தாவுக்கும் அனுப்பிட்டேன், படுத்தே கெடக்கால்லா, அவளுக்கும் பொழுது போகும் என்றார். சுயம்புக்கனி கையிலிருந்த சோற்றை இலையில் வைத்துவிட்டாள். இலைகூட இல்லை, காகிதத் தட்டு. மகளைக் கூப்பிட்டு, பாக்காத என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அதைத்தான் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் வேறு கதை பாடப்போவதாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பி வந்திருந்தாள். இந்தக் கதைக்கு ஒப்புக்கொண்டபோது சுகிர்தா உண்டாகியிருப்பது யாருக்கும் தெரியாது. தெரிந்தபோது விழாக்காரர்கள் மடைகாத்தாள் என்று பெயர் போட்டு அச்சடித்து முடித்துவிட்டார்கள். சம்பந்தியம்மா காப்பியை நீட்டிக்கொண்டே, வீட்டுல மாசமா ஒருத்தி இருக்கும்போது அதையா பாடப் போறீய என்று கேட்டாள். இல்ல, வேற கதைதான் என்று நாக்கு சொல்லிவிட்டது. நாக்குக்கு என்ன, எதையும் சொல்லும். இன்று காலை மேடைக்கு வருமுன் கூப்பிட்டாள். சம்பந்தியம்மாதான் எடுத்தாள், பிள்ளை உறங்குகிறாள், எழுப்பட்டுமா என்றாள். வேண்டாம், உறங்கட்டும். உறங்கட்டும், நன்றாக உறங்கட்டும். அங்கே இப்போது காலை. மாத்திரை போட்டால் அவள் எட்டு மணிவரை எழமாட்டாள். ஆனால் சின்ன வயதிலிருந்தே வில்லுச் சத்தம் கேட்டால் விழித்துக்கொள்ளும் பிள்ளை அது. தொட்டிலில் கிடக்கும்போதே மணி குலுங்கினால் காலை உதைக்கும். போன் தலைமாட்டில் இருக்கும். யாராவது ஒரு சித்திக்காரி கூப்பிட்டு, ஒங்கம்மை வருதா பாரு என்று சொல்லியிருப்பாள். மேடையின் இரண்டு ஓரத்திலும் காமிரா நின்றது. இடது பக்கத்துக் காமிராவில் ஒரு சிவப்புப் பொட்டு எரிந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்று நினைக்க நினைக்கக் கண் அங்கேதான் போனது.

அந்த எண்ணத்தில் இருந்தபோதுதான் அது நடந்தது. நடந்தது என்று தெரிந்தது பிறகுதான். கதையைச் சுருக்கியபோது மைனியும் அவளும் சமையலறையில் உட்கார்ந்து, எந்த அடியிலிருந்து எந்த அடிக்குத் தாவுவது என்று திரும்பத் திரும்பப் பாடிப் பார்த்து வைத்திருந்தார்கள். கஞ்சிக் கலயத்தைத் தலையில் வைத்துச் செண்பகக்குட்டி வாசல் இறங்குகிற அடியில் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று நேரே கரைக்குப் போகும், அது இன்றைக்கு. மற்றது வழிநடை. அவள் நடக்கிற பாதையில் இருக்கிற மரம், கிணறு, எதிரே வருகிற ஆள், குறுக்கே போகிற கீரி, காலில் தைக்கிற முள், தாகத்துக்குக் குடிக்கிற தண்ணீர் எல்லாம் வரும். ஊரில் சாமிக்குப் படையல் ஆகும்வரை நேரத்தைக் கடத்த வேண்டுமானால் வழிநடையை நீட்டிக்கொண்டே போகலாம். பெண்களுக்கு அதுதான் பிடிக்கும். அவளைச் சாகக் கொண்டுபோகிறோம் என்று தெரிந்தே எவளும் அவசரப்பட மாட்டாள். இத்தனை வருஷமாக அந்த அடியைப் பாடினால் வாய் வழிநடைக்குத்தான் திரும்பும். இன்றைக்கும் திரும்பிவிட்டது. மனசு நாகர்கோவிலில் ஒரு கட்டில் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தபோது, வாய் செண்பகக்குட்டியைக் கூட்டிக்கொண்டு பனங்காட்டுக்குள் நுழைந்துவிட்டது. மைனியின் முகத்தைப் பார்த்தபோதுதான் சுயம்புக்கனிக்கு உறைத்தது. மைனி அடியை வாங்கிப் பாடுகிறாள், ஆனால் கண்ணை அகல விரித்திருக்கிறாள், தாளத்தை வேண்டுமென்றே இறுக்குகிறாள். கடிகாரத்தில் எண்கள் நிறையக் குறைந்திருந்தன. இதற்குள் செண்பகக்குட்டி கிணற்றடியைக் கடந்து, முள் தைத்து, உட்கார்ந்து முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். வழிநடைக்குள் போய்விட்டால் நடுவில் வெளியே வர வழி கிடையாது. காட்டில் விட்டுவிட்டு வரமுடியாது, கரைவரை கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

பாடினாள். வேகமாகப் பாடினாள். வேகத்துக்கு ஏற்ப தளவாய் உற்சாகமாகிக் குடத்தை அறைந்தார், அவருக்கு இது ஏதோ புது முறுக்கு என்று எண்ணம். புல்வெளியில் சிலர் எழுந்து உட்கார்ந்தார்கள். மனசு இப்போது கதைக்குள் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அது கலைந்துபோன பழைய இரண்டையும் போய்த் தோண்டிக்கொண்டிருந்தது. முதல் தடவை ஆடிக் கொடை. சுகிர்தாவுக்கு மூன்றாம் மாதம், வெளியே தெரியாத வயிறு. போங்கம்மா என்று சொன்னதும் கூட்டத்திலிருந்து அவளும் எழுந்தாள். மேடையிலிருந்து பார்க்கும்போது பச்சைச் சேலை கட்டிய ஒருத்தி பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டி இருட்டுக்குள் போனாள், அது தன் மகள் என்று ஒரு நொடி கழித்துத்தான் தெரிந்தது. பெருமையாகக்கூட இருந்தது. பிறகு வரம் பாடும்போது திரும்பி வந்து முன்னால் உட்கார்ந்தாள். இரண்டு வாரத்தில் கலைந்துவிட்டது. ஏன்? வரத்தின் நடுவில் கரண்ட் போய்க் கொஞ்ச நேரம் ஒலிபெருக்கி இல்லாமல் பாடினோமே, அதனால் இருக்கும். முன்வரிசைக்கு அது இல்லாமலே கேட்கும், ஆனாலும். இரண்டாம் தடவை அடுத்த வருஷம், வேறு ஊர். அப்போதும் எழுந்து போனாள், ரொம்ப தூரம், பஸ் நிற்கிற இடம்வரை போனாள். கூப்பிட ஆள் போய் அவள் வருவதற்குள் வரத்தில் இரண்டு அடி ஆகிவிட்டது. அந்த இரண்டு அடி. டாக்டரம்மா கர்ப்பப்பை வாய் பலமில்லை என்று சொன்னாள். அதையும் சுயம்புக்கனி கேட்டாள், தலையாட்டினாள், தையல் போட வேண்டும் என்றபோது கையெழுத்தும் போட்டாள். ஆனால் ராத்திரி விழித்தால் அந்த இரண்டு அடிதான் நெஞ்சில் வந்து நிற்கும். காத்திருந்திருக்கலாம். பிள்ளை வந்து உட்காரட்டும் என்று தாளமில்லாமல் நீட்டுகிற ஒரு விருத்தத்தைப் போட்டு இழுத்திருக்கலாம். மற்றவள் பிள்ளைக்கெல்லாம் இழுத்திருக்கிறாள். தன் பிள்ளை என்றதும் ஊர் என்ன சொல்லுமோ என்று இழுக்கவில்லை.

கரை வந்துவிட்டது. செண்பகக்குட்டி கலயத்தை இறக்கிவைத்தாள். கொழுந்தன்மார் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். இங்கேதான் வில்லை நிறுத்துவது. சுயம்புக்கனிக்கு வீசுகோல் தானாக நின்றது. கடிகாரத்தைப் பார்த்தாள். கொலைக்கு நேரம் இருந்தது. கொலை பாடினால் வரத்துக்கு இல்லை. அவ்வளவுதான் கணக்கு, வேறு விதமாகப் பார்த்தாலும் அதுதான். கொல்லாமல் இங்கேயே விட்டுவிட்டு மங்களம் பாடினால்? அப்படி யாரும் விட்டதில்லை. ஏழு மாத வயிற்றோடு ஒருத்தி கரையில் நின்றுகொண்டே இருப்பாள், சாகவும் மாட்டாள், பெறவும் மாட்டாள், அந்த நிலை எந்த வயிற்றைப் போய்ப் பிடிக்கும் என்று யாருக்குத் தெரியும். கொலையை விட்டுவிட்டு வரத்துக்குத் தாவினால்? சாகாதவளுக்கு எதற்கு வரம், சிவனிடம் போய் என்ன நியாயம் கேட்பாள். மேடை ஓரத்திலிருந்து நிருபா கையைச் சுழற்றிக் காட்டினாள். தொடருங்கோ என்று அர்த்தமா முடியுங்கோ என்று அர்த்தமா தெரியவில்லை. நிறுத்தம் நீண்டுவிட்டது. சனங்கள் இதுவும் கதையில் ஒரு பகுதி என்று நினைத்து அமைதியாக இருந்தார்கள். கடல்காகம் ஒன்று யாரோ போட்ட உருளைக்கிழங்கு வறுவலை எடுத்துக்கொண்டு போனது. மைனி கைத்தாளத்தை மடியில் வைத்துவிட்டு, உதடு அசையாமல், "சொல்லிரு கனி" என்றாள். சுயம்புக்கனி இடது பக்கத்துச் சிவப்புப் பொட்டைப் பார்த்தாள். நிருபாவுக்குக் கொடுத்த வாக்கு, சம்பந்தியிடம் சொன்ன பொய், இரண்டும் இந்த இடத்தில் உடையும், உடையட்டும்.

"சூலிகளெல்லாம் எந்திச்சுப் போங்கம்மா. போன்ல பாக்குதவளும் அணைச்சிரு. சுகிர்தா, அணை மக்கா."

மேடையில் அவள் பாட்டாக இல்லாமல் சொன்னது அது ஒன்றுதான். தளவாய் குடத்தில் வைத்த கையை எடுக்காமல் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த மலர்ச்சி மெதுவாக இறங்கியது, இணைப்பை யாருக்கு அனுப்பினோம் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. புல்வெளியில் எழுந்து போனது ஒரே ஒரு ஆள், தாடி வைத்த தடித்த மனுஷன், கையில் காலிக் கோப்பை, இன்னொன்று வாங்கப் போனான். சுயம்புக்கனி மனசுக்குள் ஒரு விருத்தம் நீளத்துக்குக் காத்திருந்தாள். மாத்திரை மயக்கத்தில் இருப்பவளுக்குப் போனைத் தேடி அணைக்க அவ்வளவு நேரம் வேண்டும். பிறகு கோலை எடுத்தாள். கொலையை வேகமாகப் பாட முடியாது, அது அதன் நடையில்தான் போகும், முதல் கல் முழங்காலுக்கு, அடுத்தது இடுப்புக்கு. இடுப்புக்கு மேலே கல் வரும்போது செண்பகக்குட்டி கெஞ்சமாட்டாள், திட்டமாட்டாள், ஒன்றே ஒன்று சொல்வாள். 'கல்ல மெல்ல வைங்க கொழுந்தமாரே, உள்ள ஒரு உசுரு ஒறங்குது.' இத்தனை வருஷத்தில் எத்தனை தடவை பாடியிருப்பாள். அது அழ வைக்கிற அடி, அங்கே குரலைக் கொஞ்சம் உடைக்க வேண்டும், எவ்வளவு உடைத்தால் கூட்டம் உடையும் என்பது அவளுக்கு அத்துப்படி. இன்றைக்குக் குரல் தானாக உடைந்தது, அவள் அதைத் தடுக்கப் பார்த்தாள், முடியவில்லை, மைனி முந்திக்கொண்டு அடியை வாங்கி முடித்தாள். கடைசிக் கல் வைத்தபோது கடிகாரம் மின்ன ஆரம்பித்துவிட்டது. நிருபா இரண்டு கையையும் குறுக்காக வைத்துக் காட்டினாள். இப்போது வரத்தைத் தொடங்கலாம். தொடங்கினால் நடுவில் அணைப்பார்கள், அந்தப் பெரியவருக்கு அணைத்த மாதிரி. பாதி வரம் வரமே இல்லாததைவிடக் கெட்டது. சிவன் வாயைத் திறந்து நிற்கையில் வாக்கு நின்றுபோனால் அதற்குப் பரிகாரம் எந்தப் புலவருக்கும் தெரியாது. அவள் மங்களத்துக்குத் தாவினாள். கேட்டவர் வாழி, குளம் வாழி, கரை வாழி. எல்லாம் வாழி, செண்பகக்குட்டியைத் தவிர. கைதட்டல் வந்தது, சிலர் எழுந்து நின்று தட்டினார்கள், விசில் அடித்தார்கள். தளவாய் கும்பிட்டார்.

மேடைக்குப் பின்னால் கூடாரத்தில் அடுத்த கோஷ்டி ஆடத் தயாராகிக்கொண்டிருந்தது, கழுத்தில் சங்குமாலை போட்ட வாட்டசாட்டமான பையன்கள். கூடாரத்துக்கு வெளியே ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. நிருபா ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். சனத்துக்கு நல்லாப் பிடிச்சிருக்கு, அந்த நிப்பாட்டினது இருக்கே, அது வேற லெவல், ஆனா ஏன் அக்கா பேரெல்லாம் சொன்னீங்கள் என்று சிரித்தாள். சுயம்புக்கனி போனைக் கேட்டாள். தளவாய் எடுத்துக்கொடுத்தார், கொடுத்துவிட்டு, எனக்குத் தோணலயே கனி, படுத்தே கெடக்காளேன்னுதான் நெனச்சேன், இது நெனவே வரல என்று ஆரம்பித்தார். மைனி அவரைப் பார்த்து, பேசாம இருங்க, பொறவு பேசிக்கிடலாம் என்றாள். கூப்பிடவேண்டிய தேவை இருக்கவில்லை. போன் அவள் கையிலேயே அடித்தது. சுகிர்தா.

"அம்மா."

"அணச்சியாடீ?"

அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் கேட்டது. ஜெனரேட்டருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, மறு காதைப் பொத்திக்கொண்டாள். உறக்கக் கலக்கமா, அழுகையா, வலியா என்று மகள் விட்ட மூச்சை மூன்று விதமாகத் திருப்பிப் பார்த்தாள்.

"ஒன்னத்தான் கேக்கேன். அணச்சியா இல்லயா?"

"அணைக்கல."

சுயம்புக்கனி பக்கத்தில் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். நாற்காலி மடக்கு நாற்காலி, மடங்கப் பார்த்தது, மைனி வந்து பிடித்தாள்.

"சொன்னேன்லாடீ. பேரச் சொல்லிச் சொன்னேன்லா. ஊரு பூரா கேட்டுருக்கும், ஒனக்குக் கேக்கலயா?"

"கேட்டுச்சு. முன்ன ரெண்டு தடவயும் நீ சொன்ன ஒடனே எந்திச்சுப் போனேன்லாம்மா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். என்னாச்சு?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. கரண்ட் போன கதை, இரண்டு அடி தவறிய கதை, எல்லாம் நாக்குக்கு வந்து வரிசையில் நின்றன. ராத்திரி விழித்துக் கிடந்து தனக்குச் சொல்லிக்கொண்டபோது அவை எவ்வளவு உறுதியாக இருந்தன. மகளின் குரலுக்கு முன்னால் ஒன்றையும் எடுத்து வைக்க முடியவில்லை. வைத்தால், உன் பிள்ளைகள் என்னால் போயின என்று சொன்னதாகும். வைக்காவிட்டால், அவை சும்மாவே போயின என்றாகும். இரண்டில் எது பாரம் குறைவு என்று தெரியாமல் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். கூடாரத்துக்குள் பையன்கள் தொடையில் தட்டிக்கொண்டு ஒரு கத்தல் போட்டார்கள்.

"அவ என்ன சொல்லிச் சாவுதான்னு எனக்குத் தெரியவே தெரியாதும்மா" என்றாள் சுகிர்தா. குரல் இப்போது ரொம்பப் பக்கத்தில் இருந்தது, தலையணைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி. "சின்னப் புள்ளையில கொலை வாரதுக்குள்ள ஒறங்கிருவேன். பெரியவளானபொறவு பாதிப் பாட்டுல சமையல் வேல வந்துரும். கல்யாணத்துக்கப்புறம் எந்திச்சுப் போயிட்டேன். இன்னைக்குத்தான் கேக்கேன். 'மெல்ல வைங்க'ங்கா."

"பேசாத மக்கா. வயிறு எப்பிடி இருக்கு?"

"அத நீ பாடையில அசைஞ்சுது. பொறவு அசையல. நேத்து ராத்திரியிலயிருந்தே கொஞ்சம் கொறவாத்தான் இருக்கு. அத்தை வண்டிக்குச் சொல்லப் போயிருக்காவ. ஆஸ்பத்திரிக்குப் போயிப் பாத்துட்டு வருவோம்னு."

இதை அவள் முதலில் சொல்லாமல் கடைசியில் சொன்னாள். சுயம்புக்கனிக்கு அது பிறகுதான் தோன்றியது, அந்த நேரத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அசையாமல் இருந்தால் உறங்குகிறது என்று அர்த்தம். ஏழு மாதத்தில் பிள்ளைகள் உறங்கும். சுகிர்தாவும் வயிற்றில் இருந்தபோது அப்படித்தான், ஒரு நாள் பூராவும் அசையாமல் கிடந்து பயங்காட்டிவிட்டுச் சாயங்காலம் உதைத்தவள். ராத்திரியிலிருந்தே குறைவு என்கிறாள், அப்படியானால் பாட்டுக்கு முன்பே. பாட்டுக்கு முன்பே என்றால் பாட்டினால் இல்லை. பாட்டினால் இல்லை என்றால் பிறகு எதனால். மைனி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தளவாய் கொஞ்சம் தள்ளி, குடத்தைக் கையில் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு நின்றார். விழாப் பையன் ஒருத்தன் வந்து வில்லை ஓரமாக எடுத்து வைக்கட்டுமா என்று சைகையில் கேட்டான், அவர் முடியாது என்று தலையாட்டினார்.

"காதுல வையி" என்றாள் சுயம்புக்கனி. "வரம் பாடுதேன். வண்டி வாரதுக்குள்ள முடிச்சிருவேன்."

"அம்மா, இப்ப எதுக்கு."

"வையி."

வில்லையும் குடத்தையும் யாரும் அடிக்கவில்லை, மடக்கு நாற்காலியும் ஜெனரேட்டரும்தான். மைனி பக்கத்தில் வந்து நின்றாள், தாளத்தைத் தட்டவில்லை. சுயம்புக்கனி கைலாயத்து வாசலில் தொடங்கினாள். பால் பொங்குவதை நினைத்துக்கொண்டு பாடின அதே இடம். மனசு எங்கேயும் போகவில்லை, போவதற்கு வேறு இடம் இல்லை. எங்கே வலிக்கிறதோ அங்கேயே வாயும் இருந்தது. அதனால் ஒவ்வொரு சொல்லையும் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது, இத்தனை வருஷம் தானாக வந்த சொற்கள். செண்பகக்குட்டி சிவனிடம் கேட்கிறாள், நான் என்ன குற்றம் செய்தேன், என் வயிற்றில் இருந்தது என்ன குற்றம் செய்தது. அந்த அடியை முடித்தபோது அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் கேட்கவில்லை. மகளின் மூச்சும் கேட்கவில்லை. ஜெனரேட்டர் சத்தத்தில் கேட்காமல் இருக்கலாம். வண்டி வந்து போனைக் கட்டிலில் போட்டுவிட்டு எழுந்து போயிருக்கலாம். இணைப்பு அறுந்திருக்கலாம், எப்போதோ, முதல் அடியிலேயே. போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு பார்வை பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்க வேண்டுமானால் நிறுத்த வேண்டும். சிவன் இன்னும் வாக்கைக் கொடுக்கவில்லை. அவள் போனைக் காதோடு இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டு அடுத்த அடிக்கு மூச்சை இழுத்தாள்.